சாப்பிட்டு மூன்று மணி நேரம்

மீரெஸ் ஊரில் தீத்தோஸின் பஞ்சர் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. கிரீட் தீவின் அந்தச் சமவெளியில் ஓடுகிற டிராக்டர்களும், ஒலிவ எண்ணெய் ஏற்றும் லாரிகளும் என்றாவது ஒருநாள் அவன் வாசலில் நொண்டிக்கொண்டு வந்து நிற்கும். ஆனால் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவன் மேல் இருந்த பாசத்துக்குக் காரணம் வேறு. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் விட்டதும் அவன் கடைக்குப் பின்பக்கம் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். வண்டிக்கு இனி உதவாத டியூப்களை ஒட்டுப் போட்டு, காற்றடித்து, சும்மாவே கொடுப்பான். விடுமுறை முழுக்கத் தெற்குக் கரையில் எந்தத் துறைக்குப் போனாலும் அவனுடைய கறுப்பு டியூப்கள் அலைமேல் ஆடிக்கொண்டிருக்கும். அவற்றின்மேல் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கிடப்பார்கள்.

அத்தனை பேரையும் மிதக்க வைத்த தீத்தோஸுக்கு நீந்தத் தெரியாது.

இந்த உண்மை தன் ஒருவனுக்குத்தான் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். சின்ன வயதில், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் சிமெண்டுத் தொட்டிக்குள் விழுந்தவன் அவன். பாசி படிந்த சுவரில் விரல்கள் வழுக்கி வழுக்கி இறங்கியதும், தலைக்கு மேலே பச்சையாக ஒரு வெளிச்சம் அசைந்ததும், அம்மா அவன் தலைமயிரைப் பற்றி இழுத்ததும் இன்றைக்கும் உறக்கத்தில் வரும். வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவான்.

அப்படிப்பட்டவன் காதலித்தது யாரை? லெந்தாஸ் கடற்கரையில் பிறந்து வளர்ந்த அர்கிரோவை! அந்த வீட்டில் குழந்தைகள் நடப்பதற்கு முன்பே நீந்துவார்கள். பெண் கேட்கப் போன அன்று அவளுடைய அண்ணன் சீஃபிஸ், "மச்சான், நீச்சல் எப்படி?" என்று தோளில் தட்டினான். "பட்டாளத்துல நான்தான் முதல் ஆள்" என்று தீத்தோஸ் வாய் கூசாமல் சொல்லிவிட்டான். ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையை அவன் பன்னிரண்டு கோடைகள் சுமந்தான்.

ஞாயிறு தோறும் பிக்கப் வண்டியின் பின்னால் டியூப்களைக் கட்டி, மலையைச் சுற்றி இறங்கிக் கடலுக்குப் போவது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அங்கே அவனுக்குக் கைகொடுத்தது ஒரு சட்டம். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் யாரும் தண்ணீரில் இறங்கக்கூடாது. குடல் முறுக்கிக்கொண்டு நடுக்கடலில் செத்துப்போவார்கள் என்று அந்தத் தீவின் தாய்மார்கள் எல்லோரும் நம்பினார்கள். அதை மீறத் துணிந்த பிள்ளை கிடையாது. ஆகவே யாராவது "வா, குளிக்கலாம்" என்று எழுந்தால் போதும், தீத்தோஸின் வாயில் ஏதாவது இருக்கும். அர்கிரோ கட்டிவரும் கூடையில் கறியுருண்டைகள் நிறைந்த ஒரு தகர டப்பா எப்போதும் இருக்கும். அவன் கை தானாக அதற்குப் போகும்.

"இப்பதான் சாப்பிட்டேன், மச்சான். மூணு மணி நேரம் ஆகட்டும்."

"உனக்கு எப்பதான் ஆகும்? உப்புத் தண்ணி பட்டா துருப்பிடிச்சிருவியா? நீ ரப்பர்டா, இரும்பு இல்ல!" என்று சீஃபிஸ் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். தீத்தோஸும் சிரிப்பான். வயிற்றுக்குள் மட்டும் அந்தப் பச்சை வெளிச்சம் அசையும்.

மூன்று மணி நேரம் கழிவதற்குள் தர்பூசணி வெட்டுவார்கள். அவனும் ஒரு துண்டு எடுத்துக்கொள்வான். கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

வினை மகள் வழியாக வந்தது. ஒரே மகள் பொப்பி, பத்து வயது. அவன் தாய் கலியோப்பியின் பெயரைத்தான் சுருக்கி அப்படிக் கூப்பிட்டார்கள். போன கோடையில், வளைகுடாவின் நடுவில் தலைநீட்டும் ஆமைப்பாறை வரைக்கும் தன்னோடு வரச் சொல்லி அவள் அடம் பிடித்தாள். "நீ முதல்ல நல்லா நீந்தக் கத்துக்கோ. அடுத்த வருஷம் நாம ரெண்டு பேரும் போவோம்" என்று அவன் தலையைத் தடவிச் சொல்லிவைத்தான். குழந்தை மறந்துவிடும் என்று நினைத்தான். குழந்தைகளா மறப்பார்கள்? இந்த வருஷம் ஜூனிலிருந்து மாமன் சீஃபிஸிடம் கற்று, ஆகஸ்டில் மீன்குஞ்சு மாதிரி நீந்தினாள்.

ஆகஸ்ட் நடுவில் வரும் மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு. லெந்தாஸுக்கு அப்பால் உள்ள சிறிய வளைகுடா. வேறு ஒரு குடும்பமும் வந்திருக்கவில்லை. முனையைச் சுற்றி நீந்தி ஆக்டோபஸ் குத்தப் போய்விட்டான் சீஃபிஸ். கடல் கண்ணாடி போலக் கிடந்தது.

"அப்பா, காலையிலேர்ந்து நீ காபி மட்டும்தான் குடிச்சே" என்றாள் பொப்பி. ஈரத்தலையோடு அவன் முன்னால் நின்றாள். "நானும் ஒண்ணும் சாப்பிடல. இன்னைக்குப் பாறைக்குப் போறோம். நீ சொன்னே இல்ல?"

"போலாம்டா கண்ணு. கொஞ்சம் வெயில் தாழட்டும்."

"வெயிலுக்கும் நீச்சலுக்கும் என்னப்பா? எழுந்திரு. ப்ளீஸ்ப்பா."

அவன் எழவில்லை. என்ன சொல்லித் தப்பிப்பது? அப்போது மரநிழலில் உட்கார்ந்திருந்த அர்கிரோ கூடையைத் திறந்தாள். "தீத்தோ, ஒரு உருண்டை எடுத்துக்கோ. ஆறிப்போனா நல்லாருக்காது" என்று டப்பாவை நீட்டினாள்.

கை போயிற்று. கறியுருண்டை வாய்க்குள் போயிற்று. பொப்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கத்தவில்லை. உதடு மட்டும் துடித்தது.

"உனக்கு என்கூட வரப் பிடிக்கல. அவ்வளவுதானே?"

பதிலுக்குக் காத்திராமல் ஒரு டியூப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "பாறைய தாண்டாதே! டியூப்ப விடாதே!" என்று மட்டும் அவனால் கத்த முடிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாயில் இருந்ததை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பாதி வழி போயிருப்பாள். அர்கிரோ சட்டென்று தலை நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். உச்சியில் வெள்ளைத் தொப்பி மாதிரி ஒரு மேகம் குந்தியிருந்தது.

"மாதாவே! தீத்தோ, வடகாத்து இறங்குது. கூப்பிடு அவள!"

அவள் சொல்லி முடிப்பதற்குள் காற்று மலைச்சரிவில் உருண்டு வந்து விழுந்தது. விரிப்பு பறந்தது, தட்டுகள் உருண்டன, மணல் கண்ணில் அடித்தது. கண்ணாடிக் கடல் முழுக்க ஒரு கணத்தில் கறுத்துச் சுருக்கம் விழுந்தது. அலைகள் கரையை நோக்கி வரவில்லை. எல்லாம் கரையை விட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தன. கறுப்பு டியூப்பும் அவற்றோடு ஓடியது. ஆமைப்பாறையைத் தாண்டியது. அதன்மேல் குப்புறக் கிடந்து பொப்பி இரண்டு கையாலும் துழாவினாள். துழாவத் துழாவச் சிறிதாகிக்கொண்டே போனாள். அதற்கு அப்பால் ஆப்பிரிக்கா வரைக்கும் ஒரு துண்டு நிலம் கிடையாது.

"அப்பாஆஆ!"

அந்தக் குரல் அவன் காதுக்கு வந்தபோது இன்னொரு நினைவும் கூடவே வந்தது. அந்த டியூப்! வால்வுக்குப் பக்கத்தில் இரண்டு தரம் ஒட்டுப் போட்ட டியூப். கடைத் தொட்டியில் அமுக்கிப் பார்த்தபோது கடுகு கடுகாகக் குமிழி வந்தது. இந்த ஒரு கோடைக்குத் தாங்கும் என்று அவனேதான் காற்றடித்து வைத்தான்.

அர்கிரோ தண்ணீரில் இடுப்பளவு இறங்கிவிட்டு நின்றாள். கடலில் வளர்ந்தவளுக்குத் தெரியும். "காத்துல போறத நீந்திப் பிடிக்க முடியாது! படகு வேணும்!" என்று அலறிக்கொண்டு லெந்தாஸ் துறைமுகத்துப் பாதையில் ஓடினாள். நாலு அடி ஓடித் திரும்பினாள். புருஷன் டிராக்டர் டியூப்பை இழுத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துப் போவதைக் கண்டாள்.

"தீத்தோ, நீ போகாதே! உனக்கு..."

அவள் வார்த்தையை விழுங்கினாள். அவன் நிற்கவில்லை. அவளுக்கும் நிற்க நேரமில்லை. கூர்க்கற்களின்மேல் வெறுங்காலோடு ஓடினாள்.

முழங்கால். இடுப்பு. மார்பு. பிறகு காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. தீத்தோஸ் டியூப்பின்மேல் கவிழ்ந்து அதைக் கட்டிக்கொண்டான். மகளைத் தன்னால் கரைக்குக் கொண்டுவர முடியாது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரியும். அவளைக் கொண்டுபோன காற்று தன்னையும் கொண்டுபோகும், அது ஒன்றுதான் அவன் நம்பிக்கை. குழந்தை அங்கே தனியாக இருக்கக்கூடாது. வேறு எந்த யோசனையும் அவன் மண்டையில் இல்லை.

காற்று அவனை ஏமாற்றவில்லை. பெரிய டியூப், படகின் பாய் மாதிரி உயர்ந்து நின்றது. காற்று முதுகில் அறைந்து அறைந்து தள்ளியது. உப்பு மூக்கில் ஏறியது. கண்ணை மூடினால் சிமெண்டுத் தொட்டி, திறந்தால் அடி தெரியாத நீலம். "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர வாயில் சொல் இல்லை. பல் கிடுகிடுத்தது.

"அப்பா! இது புஸ்ஸுங்குதுப்பா! அமுங்குதுப்பா!"

பக்கத்தில்தான் இருந்தாள். அவள் டியூப் பாதி தொய்ந்து மடிந்திருந்தது. மகளின் உதடு நீலமாகியிருந்தது. இரண்டு டியூப்களுக்கும் நடுவே ஒரு கை தூரம். அவன் கையை நீட்டினால் போதும்.

நீட்டுவதற்கு ஒரு கையை விட வேண்டும். விரல்கள் திறக்கவில்லை. அவன் கட்டளையிட்டான், கெஞ்சினான், விரல்கள் அவனுடையவை அல்ல போல ரப்பரில் இறுகிக் கிடந்தன. பாசிச் சுவரில் வழுக்கிய அந்தச் சிறுவனின் விரல்கள் அவை. ஐயோ, என்ன பாவம் செய்தான் அவன்? பெற்ற பிள்ளை கண்ணெதிரே அமுங்குகிறது, அப்பனின் கை வர மறுக்கிறது!

ஓர் அலை தூக்கியது. பொப்பியின் முகம் தண்ணீருக்குள் போய் வந்தது.

கை திறந்துகொண்டது. எப்படித் திறந்தது என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது. அம்மா தன்னைப் பிடித்தது போலவே அவன் மகளின் தலைமயிரைத்தான் பிடித்தான். இழுத்துத் தன் டியூப்பின்மேல் போட்டு, அவள்மேல் தானும் கவிழ்ந்துகொண்டான்.

கரை ஒரு கோடாகிவிட்டது. இரண்டு பேரும் நடுங்கினார்கள்.

"இப்ப நீந்திக் கூட்டிட்டுப் போப்பா."

"பொப்பி..." குரல் உடைந்தது. "அப்பாவுக்கு நீந்தத் தெரியாதுடா. ஒருநாளும் தெரியாது."

அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். "தெரியாமலா இவ்வளவு தூரம் வந்தே?"

அவன் தலையாட்டினான்.

"பைத்தியமாப்பா நீ?" என்று சொல்லி அவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அவன் சட்டைக் காலரை இறுகப் பற்றிக்கொண்டாள், அவன் விழுந்துவிடாமல் இருக்க.

டக்டக்கென்று படகு மோட்டாரின் சத்தம் கேட்டபோது சூரியன் சாய்ந்திருந்தது. அர்கிரோ துறைமுகத்திலிருந்து அனுப்பிய படகு; வழியில் அதில் ஏறிக்கொண்ட சீஃபிஸ் முன்பக்கம் நின்று கையாட்டினான். பொப்பியைத் தூக்கி மேலே போட்டார்கள். தீத்தோஸை இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. டியூப்பை அவன் விடவே இல்லை. டியூப்போடு சேர்த்தே படகில் கிடத்தினார்கள்.

துறைமுகத்தில் அர்கிரோ காலில் ரத்தம் வழிய நின்றாள். மகளை வாரி அணைத்துக்கொண்டாள். சீஃபிஸுக்குப் பயம் இறங்கி, அது கோபமாக மாறிக்கொண்டிருந்தது.

"என்னடா மச்சான் இது? பட்டாளத்துல முதல் ஆளாம்! தவளைக்குஞ்சு மாதிரி டியூப்ப கட்டிட்டுக் கிடக்கே! கால்கூட அடிக்கல. உண்மையச் சொல்லு, உனக்கு நீந்..."

"வாய மூடுண்ணா!" என்று பாய்ந்தாள் அர்கிரோ. "அவர் சாப்பிட்டிருந்தாரு. நான்தான் கறியுருண்டை குடுத்தேன். மூணு மணி நேரம் ஆகல. கை கால் இழுத்துக்கிச்சு. நீயா இருந்தா வயித்துல சோத்தோட இறங்குவியா?"

சீஃபிஸ் குனிந்து படகுக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அவன் அம்மாவும் அப்படித்தானே சொல்லி வளர்த்தாள்.

தீத்தோஸ் நனைந்த கோழியாக உட்கார்ந்தபடி மனைவியை நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு..." என்று கரையில் அவள் விழுங்கிய வார்த்தை இப்போது காதில் விழுந்தது. கோடைதோறும் சரியான நொடியில் திறந்த கூடை, அவன் பக்கம் நீண்ட டப்பா, ஆறிப்போகும் என்ற அவசரம், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவள் அவன் பார்வையைச் சந்திக்கவில்லை. மகளின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு போவார்களா என்று ஊரே கேட்டது. போனார்கள். அதே வளைகுடா. காற்றே இல்லை. கடல் மறுபடியும் கண்ணாடி. அதைப் பார்த்ததும் தீத்தோஸின் கை பழக்கத்தில் கூடைக்குப் போயிற்று. துழாவினான். ரொட்டி இருந்தது, துணி மூடிய தர்பூசணி இருந்தது. தகர டப்பா இல்லை.

அர்கிரோ எங்கேயோ பார்த்துக்கொண்டு காலில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்தாள்.

முழங்காலளவு தண்ணீரில் பொப்பி நின்றாள். பாறைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இரண்டு கைகளையும் அவனை நோக்கி நீட்டி, உள்ளங்கைகளை விரித்து வைத்திருந்தாள்.

"வாப்பா. இவ்வளவுதான் ஆழம். நான் பிடிச்சுக்கறேன்."

அவன் எழுந்தான். முதல் அலை பாதத்தை நனைத்தபோது ஒரு நொடி நின்றான். அடுத்த அடி எடுத்து வைத்தான்.