இலவச இரவுக்குப் போன இடம்

என் கடன் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் கட்டினால் ஹோட்டலில் ஓர் இரவு இலவசம். லங்காவித் தீவுக்குப் போகலாம் என்று அதைப் பத்து மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

பள்ளி விடுமுறையில் அறை இல்லை. தீபாவளிக்கும் இல்லை. கடைசித் தேதிக்குள் புக் செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் தங்கியே முடித்திருக்க வேண்டுமாம். கடைசித் தேதி நாளை.

இன்று கிடைத்த ஒரே அறை ஜொகூர் பாருவில். தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம்.

"காலையில சாப்பாடு குடுப்பாங்களா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றேன். ரைஸ் குக்கரை எடுத்துப் பையில் வைத்தாள்.

ஹோட்டலின் பதினோராவது மாடி அறைக்கு வந்து உட்கார்ந்ததும் பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து மனைவிக்கு வாட்சாப்.

"காய வச்ச துணியெல்லாம் மழையில நனையுதும்மா. ரெண்டு பேரும் பேக்கோட கிளம்புனீங்களே, எங்க போயிருக்கீங்க? ரொம்ப தூரமா?"

மனைவி படித்துவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே பதில் சொல்லுங்க லா."

ஜன்னலுக்கு வெளியே அதே மழைதான் பெய்கிறது.

படித்தாயிற்று என்று காட்டும் நீலக் குறி வேறு விழுந்துவிட்டது. எந்த ஊர் என்று நான் எழுதட்டும், நீங்களாவது சீக்கிரம் சொல்லுங்கள்.