பாதிரியின் ஏட்டில் ஏறிய பெயர்

நெர்கூயைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். எரியட்டும், சொல்கிறேன்.

அவளுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் எல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டன. பேய்க்கு அடையாளம் தெரியக்கூடாது என்று இவளுக்கு நெர்கூய் என்று வைத்தார்கள். எங்கள் பேச்சில் அதற்குப் 'பேர் இல்லை' என்று அர்த்தம். பேய் ஏமாந்துவிட்டது. அவளும் வளர்ந்து, என் பக்கத்துக் கூடாரத்துக்கே வாழ வந்தாள். மேற்கே போருக்குப் போன கணவன் திரும்பவில்லை. அழுது முடித்தவள், எங்களில் ஆண்களே செய்யும் பெண்குதிரை கறக்கிற வேலையையும் தானே எடுத்துக்கொண்டாள். அவள் புளிக்க வைத்த பாலுக்கு முகாமே நாக்கைத் தொங்கப்போட்டது, என் வீட்டுக்காரர் உட்பட. அதே புல், அதே தோல்பை, அதே மத்துதான் எனக்கும். என் பாலை மட்டும் ஒருத்தரும் இரண்டாவது கிண்ணம் கேட்டதில்லை.

அந்தக் கோடையில் தூர தேசத்துப் பாதிரி ஒருவர் வந்தார். வெறுங்கால், இடுப்பில் கயிறு. பார்த்ததையெல்லாம் எழுதித் தன் அரசருக்குக் கொண்டுபோகப் போகிறாராம். எங்கள் பாலைக் குடித்தால் வேதம் கெட்டுவிடும் என்று யாரோ பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் நீட்டிய கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. நெர்கூய் நீட்டியதை முகர்ந்து பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டார், ஒரே மடக்கில் குடித்தார். பிறகு கிண்ணத்தைத் திரும்ப நீட்டினார்!

"இந்தம்மா பேரு என்னன்னு கேக்கறாரு," என்றான், அவர் பேச்சை எங்களுக்குப் பெயர்த்துச் சொல்லக் கூட வந்த துபாஷி.

"நெர்கூய்," என்றாள் அவள்.

துபாஷி எதையோ சொல்ல, பாதிரியின் எழுதும் இறகு ஓடியது. அவள் பெயர் மட்டும் அந்த ஏட்டில் ஏறினால் நான் எப்படிச் சோறு தின்பேன்? நடுவில் புகுந்தேன்.

"எம் பேரு சோல்மோன். சோல்... மோன். அதையும் எழுதச் சொல்லுய்யா!"

அவர்கள் கிளம்பிய அன்று துபாஷியை மடக்கினேன். "எங்களப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"

அவன் பாதிரியைக் கேட்டுச் சொன்னான். "'பேரில்லாத ஒரு பொம்பள பால் குடுத்தா. இந்த நாட்டுல அதைவிட ருசியா எதையும் நான் குடிக்கல.'"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் பால் கடைந்துகொண்டிருந்த நெர்கூய் பக்கம் திரும்பினேன். "போச்சுடி! பேருக்கு அர்த்தம் சொல்லியே உம் பேரத் தொலைச்சுட்டான்!"

நெர்கூய் கடைவதை நிறுத்தவே இல்லை. "நல்லதாப் போச்சுக்கா. அந்த ஊருப் பேய்க்கும் நான் சிக்கமாட்டேன்."

"சரி, என்னப் பத்தி?"

துபாஷி குதிரையின் சேணத்தை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான்.

"சொல்லித் தொலைய்யா!"

"'பக்கத்துல நின்ன சோல்மோன்ங்கறவளோட மூஞ்சி, பாலவிடப் புளிச்சுக் கெடந்துச்சு.'" அவன் குதிரையில் ஏறிக்கொண்டான். "பேர மட்டும் பிசகில்லாம எழுதியிருக்காருக்கா."