‘பெறப்பட்டது’ என்றொரு முத்திரை

இங்கே ஸ்ட்ராஸ்பூர்கில் என் காலைப்பொழுது பிறருடைய குறைகளைப் பிரிப்பதில் தொடங்குகிறது. மனித உரிமைக்கும் மக்களாட்சிக்கும் என்று ஐரோப்பிய நாடுகள் பல கூடி நடத்தும் பேரவையின் தபால் அறையில் எனக்கு வேலை. புதுச்சேரிக்காரியான என் மனைவியின் பிரெஞ்சுக் குடியுரிமை, கும்மிடிப்பூண்டிக்காரனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. இங்கே ஒருவன் தன் சொந்த அரசாங்கத்தின் மேலேயே புகார் எழுதி, உறையின் பின்னால் பெயரையும் விலாசத்தையும் தைரியமாகப் போட்டு அனுப்புகிறான். நான் அதைப் பிரித்து, ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி மாடிக்கு அனுப்புவேன். மாடியில் அதற்கு ஓர் எண் கொடுத்து, ‘மதிப்புக்குரிய ஐயா’ என்று பதில் எழுதுவார்கள். வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு வயிறு எரிய ஆரம்பித்தது.

காரணம் என் அண்ணன். அறுபதுகளில், மழைக்காலத்தில் மூழ்கும் எங்கள் ஊர்ச் சாலைக்கு ஒரு சிறுபாலம் கேட்டு நாங்கள் இருவரும் தாலுகா ஆபீசுக்கு மனு கொண்டுபோனோம். குமாஸ்தா அதை வாங்கி மேசை ஓரத்தில் போட்டார்.

“வாங்கிக்கினேன்னு ஒரு சீலு குத்திக் குடுங்க சார்” என்றார் அண்ணன்.

“இன்னாய்யா, எனக்கே ரூல் சொல்றியா? வச்சுட்டுப் போ.”

“சீலு குத்தாம போவ மாட்டேன் சார்.”

ஆபீஸ் பூட்டும்வரை நின்றார். சீல் விழவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தவன் நான்தான்.

அந்த அண்ணன் பிறகு மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டரானார், சங்கத்தில் சேர்ந்தார். எழுபத்தாறில், நெருக்கடி நிலையின்போது, அவரைப் பிடித்துப்போனார்கள். பிரான்சுக்கு வந்த புதுச்சேரி உறவினர் ஒருவரிடம் அண்ணி கடிதம் கொடுத்தனுப்பியிருந்தார். “விசாரிச்சுட்டு உட்டுருவோம்னாங்க தம்பி. இன்னா கேசுன்னு கேட்டா, கேசே இல்லேன்றாங்க. கேசே இல்லாதவர எப்டி வெளிய எடுக்கறது?”

என் பக்கத்து மேசை மாரியோ இத்தாலிக்காரன். அவன் தம்பியும் அப்போது விசாரணை இல்லாமல் உள்ளே இருந்தான். அவன் அனுப்பிய மனுவுக்கு முத்திரை குத்தியதே நான்தான். சில நாளில் எண் வந்துவிட்டது. குழந்தை பிறந்த மாதிரி எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்தான். நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன். அந்த மனு தள்ளுபடியாக வேண்டும் என்று உள்ளுக்குள் நினைத்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன். என் அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது அவன் தோளைத் தட்டினான். “உங்களுடையது பெரிய மக்களாட்சி ஆயிற்றே, சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.” அவனுக்கு விளக்கிச் சொல்ல என் பிரெஞ்சும் போதவில்லை, மனமும் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்காக நானும் ஒரு மனு எழுதினேன். திங்கட்கிழமை அதை மற்றவற்றோடு வைத்து, மையை நன்றாகத் தொட்டு, கோணாமல் முத்திரை குத்தினேன். அன்று மாலைவரை நின்றவருக்கு இத்தனை வருஷம் கழித்து ஒரு சீல். இரண்டு வாரத்தில் பதில் மாடியிலிருந்து என் மேசைக்கே வந்தது, உறைமேல் என் பெயரோடு. சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். முறைப்படியே வரட்டும் என்று தபால் பையில் சேர்த்தேன். மறுநாள் வீட்டுக்கு வந்தது. ‘மதிப்புக்குரிய ஐயா, தங்கள் நாடு உறுப்பு நாடு அல்லாததால் மனுவைப் பரிசீலிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்.’ அதை அப்படியே தமிழில் எழுதி, மூலக் கடிதத்தோடு அண்ணிக்கு அனுப்பினேன்.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அண்ணனை விட்டுவிட்டார்கள். தேர்தல் முடிந்தபின் அவர் கையெழுத்தில் கடிதம் வந்தது. “நம்மள ஐயான்னு கூப்ட்டு வந்த பதிலு இதான் மொத தபா. பொட்டியில வச்சுக்கினு கீறேன். ஓட்டு போட்டுட்டேன்டா. அன்னிக்கு சீலு குத்த மாட்டேன்னாங்க. இன்னிக்கு ஓட்டுச் சீட்டுல நானே சீலு குத்திட்டு வந்துட்டேன். வெரல்ல மை இன்னும் போவல.”

படித்ததும் சந்தோஷப்பட்டேன், அடுத்த நிமிடமே பொறாமைப்பட்டேன், மாரியோவிடம் பட்டதைவிட அதிகமாக. எனக்கு அங்கே ஓட்டுப் போட வழியில்லை, இங்கே உரிமையில்லை. முத்திரை குத்திக் குத்தி என் விரலிலும் நாள் தவறாமல் மை ஏறுகிறது. சாயங்காலம் சோப்புப் போட்டால் போய்விடுகிறது.