நாலாயிரத்து ஐநூறு வரைக்கும்: கீரனூர் டைனோவில் ஒரு ஜீப்

ஆவுடையார்கோவிலிலிருந்து கீரனூருக்கு எழுபது கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தையும் மணிக்கு ஐம்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். தாண்டினால் எஞ்சின் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

புரட்டாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் பக்கம் கண்மாய்களும் மீமிசல் ஓரத்துச் சேற்றுவெளியும் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு நல்ல இடங்கள். நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். என் ஜீப்பின் பழைய டீசல் எஞ்சின் போன தை மாதத்தோடு முடிந்துபோனது. விபத்தில் நசுங்கிய ஒரு காரிலிருந்து 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்சினை வாங்கி, வால்வுகளைத் திறக்கும் கேம், புகை போகும் எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றி உள்ளே இறக்கியவர் ஜாபர். மீமிசல்காரர். வளைகுடாவில் மணல்மேட்டு வண்டிகளுக்கான ஒர்க்ஷாப்பில் பதினோரு வருடமாக வேலை. மூன்று மாத விடுப்பில் வந்தவர், அதில் பத்து வாரத்தை என் கொட்டகையில் கழித்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரவு எட்டரைக்குத் திருச்சியிலிருந்து அவருக்கு விமானம். அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து. வண்டியின் வயரிங் முழுக்க அவர் கைவேலை. எந்த வயர் எங்கே போகிறது என்பதற்குக் காகிதத்தில் எதுவும் இல்லை, எல்லாம் அவர் தலைக்குள். அன்று டியூனிங் நடக்காவிட்டால் ஜீப் இரண்டு வருடம் கொட்டகையில் நிற்கும். டைனோ கடையில் கிடைத்த ஒரே தேதியும் அதுதான். எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவரைக் குடும்பமே வேன் பிடித்து ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவது வழக்கம். ஜாபர் வீட்டில் வேன் ஐந்து மணிக்கு ஏர்போர்ட் வந்துவிடும் என்று ஏற்பாடு. அவர் மட்டும் பெட்டியோடு என் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

காலை 7.10க்குக் கிளம்பினோம். பின்னால் அவருடைய இரண்டு பெட்டிகள், நடுவில் சாதாரண ரோட்டு டயர் இரண்டு. (சேற்று டயரோடு டைனோவில் ஏறினால் வண்டி குதிக்கும். அளவு பொருந்துகிற சாதாரண டயரை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள்.) அறந்தாங்கியில் டீ, பதினைந்து நிமிடம். புதுக்கோட்டை பேருந்து நிலையத்தைக் கடக்கும்போது 8.50. கீரனூர் 9.40.

டைனோ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: தரையில் பதித்த உருளைகள்மேல் பின்சக்கரங்களை நிறுத்தி, வண்டியைப் பட்டைகளால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்துக்கு ஓட்டுவார்கள். எஞ்சின் எவ்வளவு இழுக்கிறது என்று குதிரைத்திறன் கணக்கில் கணினித் திரையில் கோடு வரும். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்று ஈசியூவில், அதாவது எஞ்சினை நடத்துகிற கணினிப் பெட்டியில், எழுதுவார்கள். அதுதான் டியூனிங். முழு நாளுக்கு 22,000 ரூபாய். மூன்று ஓட்டம் மட்டும் போதும் என்றால் 4,500.

கடைக்காரர் விவேக்குக்கு முப்பது வயது இருக்கும். முதல் கேள்வியே, "மேடம், எத்தனை குதிரை எதிர்பார்க்குறீங்க?"

"எதிர்பார்க்கலை. கீழ் வேகத்துல இழுக்கணும், சூடாகக் கூடாது."

அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சுவரில், இதற்கு முன் ஏறிய வண்டிகளின் எண்களைப் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார். அந்த எண்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெயில் நாளில் ஒன்று வரும், மழை நாளில் ஒன்று வரும்.

டயர் மாற்றி, கட்டி முடிக்க 10.50. நாலு சக்கர ஓட்டத்துக்கான லீவரில் விவேக் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார். அந்த லீவர் தவறி விழுந்தால் முன்சக்கரமும் சுழன்று வண்டி சுவரை உடைத்துக்கொண்டு போகும். நான் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனேன்.

முதல் ஓட்டத்தில் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுவரை கோடு ஒழுங்காக ஏறியது. பிறகு படுத்துவிட்டது. உச்சம் 88 குதிரை. அந்த எஞ்சின் கம்பெனியிலிருந்து வரும்போதே அதைவிட நிறையக் கொடுக்கக்கூடியது. புகைப்பக்கம் வைத்த சென்சார், பெட்ரோல் அதிகம் என்று காட்டியது. விவேக் பெட்ரோலைக் குறைத்தார். இன்னொரு ஓட்டம். மறுபடி குறைத்தார். மதியம் ஒரு மணிக்குள் ஒன்பது ஓட்டம். கடைக்குள் பெட்ரோல் வாடையும் சூட்டு ரப்பர் வாடையும். பெரிய மின்விசிறி இரைந்ததில் பேசுவதே கத்தல்தான். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போவேன், திருச்சி பஸ் ஒன்று போகும், திரும்பி வருவேன், திரையில் அதே கோடு.

"செகண்ட் ஹேண்ட் எஞ்சின்தானே மேடம், இவ்ளோதான் வரும்" என்றார் விவேக்.

ஜாபருக்கு அது பொறுக்கவில்லை. "தம்பி, இதைப் பிரிச்சு மாட்டுனவன் நான். ரிங்கு புதுசு, வால்வு புதுசு. ஒங்க உருளையை மொதல்ல பாருங்க."

"உருளை நேத்து ஒரு வண்டிக்கு இருநூத்துப் பத்து காட்டுச்சு பாய்."

"அது காட்டும். கேட்டவுகளுக்குக் காட்டும்."

இதற்கு நடுவில் ஜாபரின் போன் அடித்தது. மனைவி நூர்ஜகான். வேனுக்கு ஆள் கூடிவிட்டார்கள், அம்மாவும் வருகிறார், பிள்ளைகளுக்குப் பள்ளியில் லீவு சொல்லியாகிவிட்டது. "இந்தா முடிஞ்சிரும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு விவேக் சிரித்தார்.

சாப்பாடு பக்கத்து மெஸ்ஸில், தலைக்கு 90 ரூபாய். ஜாபர் பாதியில் எழுந்துவிட்டார். நான் திரும்பி வந்து, விவேக் வரும்வரை கணினியில் ஓட்டங்களின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறவள். எஞ்சின் தெரியாது, அட்டவணை படிக்கத் தெரியும். குதிரைத்திறனை விட்டுவிட்டு மற்ற வரிசைகளைப் பார்த்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் என்று ஒரு வரிசை. எங்கள் ஈசியூ பெட்ரோலை அளப்பது கால் மிதிப்பையும் சுழற்சி வேகத்தையும் வைத்துத்தான். இந்த அழுத்தம் வெறும் பார்வைக்கு. அதனால் யாரும் பார்க்கவில்லை.

விவேக் வந்ததும் கேட்டேன். "கால் முழுசா மிதிச்சிருக்கு. காத்து வழி முழுசாத் திறந்திருக்கு. அப்புறம் ஏன் வேகம் ஏற ஏறக் காத்தழுத்தம் எறங்குது? வெளிக்காத்து மாதிரி நூறுக்குப் பக்கத்துல நிக்கணும். எழுபத்தொன்பது காட்டுது."

"சென்சார் போயிருக்கும் மேடம்."

"சென்சார் நான் கொண்டாந்தது, பெட்டி பிரிக்காதது" என்றார் ஜாபர். சொல்லி முடிக்கும்போதே முகம் மாறிவிட்டது. ஜீப்பின் பக்கவாட்டில் கூரை உயரத்துக்கு நிற்கும் காற்றுக் குழாயை அண்ணாந்து பார்த்தார். ஆழத்தண்ணீரில் இறங்கினாலும் எஞ்சினுக்குக் காற்று போவதற்கான குழாய் அது. ஸ்டூலைப் போட்டு ஏறி, குழாயின் தலையைக் கழற்றி, உள்ளே கையை விட்டார்.

வெளியே வந்தது ஒரு கைலித் துண்டு. நீலக் கட்டம் போட்டது, இரண்டாக மடித்து, எண்ணெய் தடவியது.

"யா அல்லா. அக்கா, என்னையச் செருப்பால அடிங்க."

விவேக் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "பாய்! காலையிலேருந்து நான் ஒங்க கைலிக்கு டியூன் பண்ணிக்கிட்டு இருக்கேனா?"

ஜாபரின் அப்பாவுக்கு மீன்பிடிப் படகு எஞ்சின் பழுது பார்க்கும் வேலை. கடல்காற்றின் உப்பு உள்ளே ஏறாமலிருக்க, எண்ணெய் தடவிய பழைய கைலியைக் காற்று வாயில் அடைத்து வைப்பார்களாம். நிதானமாக ஒரே வேகத்தில் ஓடுகிற படகு எஞ்சினை அது ஒன்றும் செய்யாது. முந்தின நாள் கொட்டகையைப் பூட்டும்போது ஜாபர் அதையே செய்திருக்கிறார். "ரெண்டு வருசம் நான் இருக்க மாட்டேன்ல. உப்பு ஏறிரக் கூடாதேன்னு வச்சேன். டைனோவுல ஏத்துறப்ப எடுக்கணும்ங்கிறது மறந்தே போச்சுக்கா."

நான் அவரைத் திட்டவில்லை. விவேக் பெட்ரோலைக் குறைத்ததெல்லாம் அடைபட்ட மூக்குக்கு. அந்த அளவோடு ஊருக்குப் போய், ஒருநாள் குழாயைக் கழுவும்போது துணியை எடுத்துப் போட்டு, சேற்றில் முழுக்க மிதித்திருந்தால், காற்று அதிகமாகி, பெட்ரோல் பற்றாமல், பிஸ்டன் உருகியிருக்கும். அப்போது ஜாபர் வேறு நாட்டில் இருந்திருப்பார். காரணம் யாருக்கும் தெரிந்திருக்காது.

மணி 2.20. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். இப்போது அழுத்தம் தொண்ணூற்றேழில் நின்றது, கோடு நிமிர்ந்தது. விவேக்கின் வேலை சுத்தம், அதைச் சொல்லவேண்டும். ஐநூறு ஐநூறு சுற்றாக மேலே போனார். ஒவ்வொரு படியிலும் சூடு ஆறக் காத்திருந்தார். இரண்டாயிரத்திலேயே இழுவை நான் கேட்டதைவிட அதிகம். 4.15க்கு நாலாயிரத்து ஐநூறை எட்டினோம். அதற்கு மேல் ஆறாயிரம்வரை இருக்கிறது. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்.

போன் மறுபடி அடித்தது. ஜாபர் எடுக்கவில்லை. "நீங்க ஓட்டுங்க தம்பி. அவுக காத்திருப்பாக."

"எடுங்க, ஜாபர்" என்றேன்.

எடுத்தார். வேன் புதுக்கோட்டையைத் தாண்டிவிட்டது. பின்னால் ஒரு பிள்ளை எதற்கோ அழுவது எனக்கே கேட்டது. ஒரு மணி நேரம் தாமதித்தாலும் விமானம் தப்பாது. ஆனால் வாசலில் நின்று பேசக் கிடைக்கிற ஒரு மணி நேரம் போய்விடும். இறங்கியதும் உள்ளே ஓட வேண்டியிருக்கும்.

"விவேக், நாலாயிரத்து ஐநூறுல வெட்டு போடுங்க. அதுக்கு மேல எஞ்சின் ஏறவே கூடாது."

"மேடம், முழுப் பவர் என்னன்னு தெரியாமலே போறீங்களா? நாளைக்குக் காலையில ஒரு மணி நேரம் ஒதுக்கித் தாரேன், நீங்க மட்டும் வாங்க. காசு வேணாம்."

"இவர் இல்லாம இந்த எஞ்சினை உருளையில ஏத்தமாட்டேன்."

ஜாபர் என்னவோ சொல்ல வந்தார். நான் சக்கரம் மாற்றும் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தேன்.

4.50க்குக் கிளம்பி, 5.25க்கு ஏர்போர்ட். அன்று முதல்முறையாக மணிக்கு எழுபதில் ஓட்டினேன். வேன் எங்களுக்கு முன்பே வந்து நின்றது. நூர்ஜகான் ஜீப்பை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "மூணு மாசமும் இதுகூடத்தான் குடும்பம் நடத்துனாக. வழியனுப்பவும் இதுதான் வரணுமாக்கும்?" என்றவர், என்னைப் பார்த்து, "டீ குடிக்கிறீங்களா அக்கா, பிளாஸ்க்குல இருக்கு" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளி நிறுத்தப் போனேன். திரும்பிப் பார்த்தபோது சின்னப் பிள்ளை ஜாபரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் கிரீஸ் இன்னும் போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். எஞ்சின் மாற்றுவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் புது எஞ்சின் எண்ணை ஏற்றிவிடுங்கள். எனக்கு நாலு நடை ஆனது. காற்று வடிகட்டி, குழாய், அதன் தலை மூன்றையும் டைனோ வாசலிலேயே கழற்றி உள்ளே கைவிட்டுப் பாருங்கள், யார் மாட்டியிருந்தாலும். குதிரை எண்ணைக் கேட்காதீர்கள், முழுப் பதிவையும் கேட்டு வாங்கி வாருங்கள். மாட்டியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு வேறு எந்த வேலையும் இல்லாத நாளாகப் பாருங்கள்; நான் அப்படிப் பார்க்கவில்லை.

மழை தொடங்கி மூன்று ஞாயிறு போய்விட்டது. சேற்றில் வண்டி நன்றாக இழுக்கிறது, சூடாகவில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை. கூட வருகிறவர்கள் எத்தனை குதிரை என்று கேட்கிறார்கள். தெரியாது என்றால் நம்ப மறுக்கிறார்கள். தனியாக ஓட்டும்போது மட்டும், அறந்தாங்கி சாலையில் ஆளில்லாமல் நேராகப் போகும் ஓர் இடம் வரும், அங்கே கியரை இறக்கி மிதிக்கிறேன். நாலாயிரத்து ஐநூறில் எஞ்சின் விக்கி நிற்கிறது. அதற்கு மேலே நிறைய இருக்கிறது என்று காலுக்குத் தெரிகிறது. காலை எடுத்துவிடுகிறேன்.