மைதானத்துக்காகக் கை நீட்டிய அம்மா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. உங்களில் சிலர் அம்மாவை மைதானம் கட்டிய அம்மா என்று அறிவீர்கள். வேறு சிலர், மகன் சாவுக்குக் காசு வாங்கியவர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாவது பேச்சு எங்கள் காதுக்கும் வந்தது. அம்மா அதற்கு ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. நடந்ததை நடந்தபடி மகளாகிய நான் எழுதிவைக்கிறேன்.

அம்மா பிறந்தது கான்சாபுரத்தில், தென்னையும் நெல்லும் விளைந்த ஒரு விவசாயக் குடும்பத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவைத் திருமணம் செய்துகொண்டு இராஜபாளையம் வந்தார். அப்பா நூற்பாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். நானும் தம்பியும் பிறந்த பிறகு அந்த ஆலை மூடப்பட்டது. அப்பா காவலாளி வேலைக்குப் போக, அம்மா வேறொரு ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தார். பஞ்சுத் தூசியில் நின்று நின்று வந்த இருமலை அவர் நோயாக எண்ணவில்லை. வேலை முடிந்து வந்தால் முந்தானையை உதறிவிட்டு நேரே அடுப்படிக்குள் போவார். என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் தம்பி ஒருவன்தான் பேச்சுத்துணை.

தம்பிக்கு வாலிபால் என்றால் உயிர். எங்கள் தெருக்கோடியில் இருந்த மைதானத்தில் ஒரு பக்கம் சாக்கடை தேங்கும், மறுபக்கம் உடைந்த பாட்டில் கிடக்கும். பையன்கள் கூட்டிப் பெருக்கிவிட்டு விளையாடுவார்கள். அங்கே இருந்த இரண்டு இரும்புக் கம்பங்களும் தெருக்காரர்கள் வசூல் செய்து, அப்பாவின் நண்பரான ஒரு வெல்டிங் பட்டறைக்காரரிடம் சொல்லி நட்டவை. அவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

ஒரு மாலை தம்பி வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். இழுத்த வேகத்தில் கம்பம் அடியோடு பெயர்ந்து அவன் பின்மண்டையில் விழுந்தது. அப்போது அவன் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். இராஜபாளையம் மருத்துவமனையில் மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆம்புலன்ஸை நிறுத்தி நானும் ஏறிக்கொண்டேன். அம்மா அவன் தலையைப் பிடித்தபடி, "ஏலே, கண்ணத் தொறலே. அக்கா வந்துருக்கா பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கிருஷ்ணன்கோவிலைத் தாண்டவில்லை. மூச்சு நின்றது எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் மதுரை வரும்வரை கையை எடுக்கவில்லை.

விபத்து என்று காவல் நிலையத்தில் எழுதி முடித்தார்கள். மைதானத்துக்குள் அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. குப்பை கொட்டத் தொடங்கினார்கள். கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு நாள் அம்மா ஆலையிலிருந்து வரும்போது, தம்பியின் கூட்டாளிகள் லாரி போகும் சாலையோரம் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். பந்தை எடுக்க ஓடிய ஒருவனை ஒட்டி லாரி பிரேக் அடித்து நின்றது. அம்மா அவனைப் பிடித்து இழுத்து முதுகில் ஒன்று போட்டார்.

"ஏலே, ரோட்டுலயா வெளாடுவிய? சாகுறதுக்கா?"

"வேற எங்க போக பெரியம்மா? கிரவுண்டுக்குள்ள போகப் பயமா இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு அவன் அழுததாக அம்மா என்னிடம் சொன்னார். அன்றுதான் மைதானத்தைச் சரிசெய்யவேண்டும் என்று முடிவு செய்தார். நகராட்சியில் போய்க் கேட்டார். மக்கள் பங்காக ஒரு பகுதியைக் கட்டினால் மீதியை அரசுத் திட்டத்தில் போட்டு வேலை செய்யலாம் என்றார்கள்.

அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டறியாத அம்மா, வேலை முடிந்த மாலைகளில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஆலை முதலாளிகளின் வாசலில் நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பால்கோவா கடைகளிலும் கேட்டார். சில நாட்கள் நானும் கூடப் போனேன். ஒரு கடையில், "செத்துப்போன பையனோட அம்மா வந்துருக்கா, எதையாச்சும் குடுத்து அனுப்பு" என்று முதலாளி உள்ளிருந்து சொன்னது எங்களுக்குக் கேட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று நான் அம்மாவின் கையை இழுத்தேன். அம்மா கொடுத்ததை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, "எனக்கா கேக்கேன்? வா, அடுத்த கடைக்குப் போவோம்" என்றார்.

அலைந்தும் பாதிதான் சேர்ந்தது. கட்டவேண்டிய கெடு நெருங்கியது. அந்த நேரத்தில்தான் பட்டறைக்காரர் வந்தார். தம்பி இறந்த பிறகு அவர் எங்கள் தெருப்பக்கமே வந்ததில்லை. வாசலுக்கு வெளியே நின்றார்.

"மதினி, செத்த நேரம் பேசணும். மிச்சத்த நான் கட்டிருதேன்."

உள்ளேயிருந்து அப்பா, "அவன போகச் சொல்லுட்டி" என்று கத்தினார். அம்மா பட்டறைக்காரரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கம்பத்துக்குக் குழி எம்புட்டு ஆழம் தோண்டுன?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "முழங்கால் ஆழங்கூட இருக்காது மதினி. சிமெண்டும் போடல. பசங்க வெளாட்டுதானன்னு விட்டுட்டேன்."

நாங்கள் எல்லோரும் ஊகித்திருந்ததுதான். ஆனாலும் அவர் வாயால் கேட்டபோது அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பணத்தக் கட்டு. ஒம் பேரு எங்கயும் போட மாட்டோம். இந்தத் தடவ குழி வெட்டும்போது நான் நிப்பேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா வெளியே வந்தார். "புள்ளையக் கொன்னவன் காசு இனிக்குதோ ஒனக்கு?"

"வாங்கலேன்னா அந்தக் காசு எங்க போகும்? அவன் வீட்டு மாடிக்குப் போகும். அதுக்கு இந்தக் குழிக்குள்ள போகட்டும்."

அப்பா அதற்குப் பிறகு அம்மாவிடம் பேசவில்லை.

அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. பட்டறைக்காரரே நேரே நகராட்சிக்குப் போய்க் கட்டினார். அம்மா ஆலையில் விடுப்பு சொல்லிவிட்டு மைதானத்திலேயே நின்றார். கம்பத்துக்குக் குழி தோண்டும்போது, "இன்னும் வெட்டுங்கய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேலையாட்கள் முதலில் சிரித்தார்கள். யார் என்று தெரிந்த பிறகு சிரிக்கவில்லை. சாக்கடை மூடப்பட்டது, தரை சமமானது, சுற்றிலும் கம்பி வேலி வந்தது, விளக்குகள் எரிந்தன. பையன்கள் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பெண்பிள்ளைகளும் வந்தார்கள். தம்பியின் பெயரை மைதானத்துக்கு வைக்கலாம் என்றபோது, "வெளாடுத எடத்துல செத்தவன் பேரு எதுக்கு? புள்ளைகளுக்குப் பயமாருக்கும்" என்று அம்மா மறுத்துவிட்டார்.

வீட்டில் மட்டும் எதுவும் சரியாகவில்லை. அம்மா சோறு போட்டு வைப்பார். அப்பா சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். வேலைக்குப் போகும்போது மைதானத்துத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போவார். நான் எத்தனையோ முறை இருவரிடமும் மன்றாடினேன். "அவிய கோவம் ஞாயம்தானட்டி" என்று அம்மா சொல்லிவிடுவார்.

இருமல் முற்றி, நுரையீரல் பழுதாகிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னபோது காலம் கடந்திருந்தது. கடைசி நாட்களில் அப்பாதான் கூடவே இருந்தார். பிளாஸ்கில் காப்பி வாங்கி வந்தார், முதுகைத் தடவிக் கொடுத்தார், துணி மாற்றினார். பேச்சு மட்டும் இல்லை. ஒரு நாள் அம்மா ஆக்சிஜன் குழாயை விலக்கிவிட்டு, "எங்கிட்ட பேச வேண்டாம். அந்த கிரவுண்ட மட்டும் ஒரு தடவ எட்டிப் பாத்துட்டு வாங்க" என்றார். அப்பா குழாயைத் திரும்பப் பொருத்தினார். போர்வையைக் கால்வரை இழுத்துவிட்டார். வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். அதன் பிறகு அம்மா கேட்கவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

குளிப்பாட்டிப் படுக்கவைத்தபின் அப்பா அம்மாவின் அருகில் குனிந்தார். "அந்த கிரவுண்டப் பாக்க எனக்கு மனசு வரலட்டி" என்றார். அது என் காதிலும் அத்தை காதிலும் விழுந்தது.

அம்மாவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ஆலைத் தோழிகளுக்கும், கான்சாபுரம் உறவுகளுக்கும், இரவு பகலாகக் கூட நின்ற தெருக்காரர்களுக்கும், பாடை சுமந்த பையன்களுக்கும் எங்கள் நன்றி. மைதானத்துக்குக் கொடுத்த ஒவ்வொருவருக்கும், முகம் சுளித்துக் கொடுத்தவர்களுக்கும், அம்மாவின் சார்பில் நன்றி. அம்மாவை எடுத்த அன்று பட்டறைக்காரர் தெருமுனையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். அம்மா சொன்னபடி அவர் பெயரை இங்கும் எழுதவில்லை.

ஆண்டு நினைவை மைதானத்தில் வைக்கலாம் என்று பையன்கள் கேட்டார்கள். வீட்டில்தான் வைத்திருக்கிறோம். அப்பா வர முடியாத இடத்தில் அம்மாவுக்குப் படைக்க எனக்கு மனமில்லை. அப்பாவை யாரும் வற்புறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பையன்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரியாதைக்காக அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். வழக்கம்போல விளக்கைப் போட்டு விளையாடுங்கள்.

மகள்,
ஸ்ரீவில்லிபுத்தூர்