பாரம் குறைந்த தூண்

தலையில் பாரம் குறைந்தால் தூணுக்கு நிம்மதி என்று நம்பிக்கொண்டிருந்தேன். கட்டட வடிவமைப்பிலேயே தலை நரைத்தவன் நம்பக் கூடாத விஷயம்தான். ஆனால் காக்ஸ் டவுனில் இருக்கும் என் அக்கா, "மொட்டை மாடி ரூம் ஒழுகுது, இடிச்சிடலாமாடா?" என்று கேட்டபோது என் வாயில் அவள் சுட்ட வடை இருந்தது.

"தாராளமா இடி. வெயிட்டு குறையும், நல்லதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

இடிக்கிற அன்றைக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி ஆபீசில் வேலை ஓடாமல், அந்த வீட்டு வாசல் தூணைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மேல்தளம் ஒரு பக்கம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தத் தூண் எப்போதும் வளையத்தான் பார்க்கும். புரோகிராம் தூணின் குறுக்குவெட்டை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, எது நசுங்குகிறது, எது விரிசல் விடுகிறது, எந்தக் கம்பி இழுபடுகிறது என்று கணக்குப் போடும். வளைவு விரிசலைத் திறக்கும். மேலே இருக்கும் பாரம் அதை அமுக்கி மூடும். அறையின் பாரத்தைக் கழித்தேன். தாங்காது என்று சிவப்பாக வந்தது.

ஸ்கூட்டரில் பறந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் அக்கா வீடு ஒரு தடவை இடிந்து விழுந்தது.

போய்ச் சேர்ந்தபோது வீடு நின்றது. மாடி அறையைத்தான் காணோம். கல்லெல்லாம் வாசலில் குவிந்து கிடந்தது.

"எல்லாரும் வெளியே வாங்க! மேஸ்திரி, கல்லை மறுபடி மேலே ஏத்துங்க, நேரா தூணுக்கு மேலே!"

"வெளியே வரணுமா, மேலே போணுமா சார்? ஒண்ணு சொல்லுங்க" என்றார் மேஸ்திரி.

அக்கா வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். "வெயிட்டு குறைஞ்சா விழும்னா, நீ எதுக்குடா தெனம் வாக்கிங் போறே?"

கல் ஏறியது. ஆட்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை. மதில்மேல் லேப்டாப்பை வைத்து, அக்காவுக்கு நிரூபித்துக் காட்டுவதற்காக மறுபடி முதலிலிருந்து போட்டேன். பாதியில் என் விரல் நின்றுவிட்டது.

"என்னடா, என்ன வந்துச்சு?" என்றாள் அக்கா.

"மேஸ்திரி... கல்லைக் கீழே எறக்கிடலாம்."

"சும்மா ஏத்தி எறக்கவா எங்களைக் கூப்பிட்டீங்க?"

இடித்த அறையின் சுவர் நின்றிருந்தது, நீட்டிக்கொண்டிருந்த தளத்தின் நுனியில். தூணை வளைத்ததே பெரும்பாலும் அந்தச் சுவர்தான். ஆபீசில் நான் சுவரின் பாரத்தைக் கழித்தேன், அது தந்த வளைவைக் கழிக்கவில்லை. இரண்டையும் கழித்தபோது தாங்கும் என்று வந்தது. தூண் அன்றும் நின்றது, இன்றும் நிற்கிறது.