மூடியும் பெட்டியும்

அறுபதுகளின் கடைசியில் மேற்கு பெர்லினில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அங்கிருந்த எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் பழைய வண்ணங்களைச் சோதித்துக் கொடுப்பேன். போரில் சிதறிய அதன் சேகரிப்பு, பிறகு இரண்டு பெர்லின்களுக்கும் பிரிந்துபோனது. ஒரு சவப்பெட்டியின் மூடி எங்களிடம். அடிப்பெட்டி பெர்லின் சுவருக்கு அந்தப் பக்கம், கிழக்கில்.

போருக்கு முன் அதைச் செப்பனிட்ட இருவரில் ஒருவரான அம்மாள்தான் எங்கள் பொறுப்பாளர். மற்றவர் கிழக்கில் இருந்தார்.

"நான் அங்கே போக முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறதால உங்களால முடியும். அவரைப் பார்த்து, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க," என்றார் அம்மாள்.

போனேன். அவர் அருகில் இன்னொரு ஆள் நின்றிருந்தார். அம்மாளின் பெயரைச் சொன்னதும் நான் தேடிப் போனவர், "அப்படி யாரையும் எனக்குத் தெரியாது," என்று திரும்பிக்கொண்டார்.

அந்தச் சொற்களை அப்படியே வந்து ஒப்பித்தேன். அம்மாள் கையிலிருந்த தூரிகையைக் கழுவி வைத்தார். அவரைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை. மூன்றாம் வருடம் அம்மாள் இறந்துபோனார்.

எழுபதுகளில் அந்த மனிதர் ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்றவர்களை மட்டும் கிழக்கிலிருந்து வெளியே விட்டார்கள். அவர் நேராக அருங்காட்சியகத்துக்கு வந்து அம்மாளைக் கேட்டார். இறந்த செய்தியை நான்தான் சொன்னேன்.

"அன்னைக்கு என்னைக் கண்காணிக்கிற ஆள் பக்கத்துல நின்னதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். எனக்கு அப்போது அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

மூடியைக்கூடப் பார்க்காமல் அவர் கிளம்பிவிட்டார்.